உர மூட்டையைப் பிரிக்கும் முன் கிணற்றைக் கேளுங்கள்: காய்கறித் தோட்டத்திற்கு ஓர் உரக் கணக்கு

ஒரு கணக்கோடு தொடங்குகிறேன். இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி ஒரு லிட்டர் தண்ணீரில் 45 மில்லிகிராம் நைட்ரேட் வரை இருக்கலாம். அந்த எல்லையைத் தொட்டு நிற்கும் ஒரு கிணற்றிலிருந்து ஒரு ஏக்கர் தக்காளிக்கு ஒரு பருவம் முழுவதும் 20 லட்சம் லிட்டர் பாய்ச்சுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீரோடு வயலுக்கு வந்து சேரும் தழைச்சத்து (நைட்ரஜன்) சுமார் 20 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் இருப்பதும் ஏறத்தாழ அவ்வளவுதான். அதாவது, கடைக்குப் போகும் முன்பே ஒரு மூட்டை யூரியா உங்கள் கிணற்றில் கரைந்து கிடக்கிறது.

அது அங்கே எப்படி வந்தது? பெரும்பாலும் முந்தைய பருவங்களில் நாமும் அக்கம்பக்கத்தாரும் போட்டு, பயிர் எடுத்துக்கொள்ளாமல் விட்டது. சாக்கடையும் மாட்டுத் தொழுவமும் பங்கு சேர்த்திருக்கும். நாட்டில் நிலத்தடி நீரில் நைட்ரேட் மிகுந்த மாநிலங்களில் ராஜஸ்தான், கர்நாடகத்தோடு தமிழ்நாடும் முன்வரிசையில் இருக்கிறது. அந்தத் தண்ணீரை நம் பிள்ளைகளும் குடிக்கிறார்கள். கைக்குழந்தைகளுக்கு இது இரத்தத்தில் ஆக்சிஜன் ஏறுவதைத் தடுத்து உடலை நீலம் பாரிக்கச் செய்யும். கொதிக்க வைத்தால் போய்விடும் என்று நினைப்பவர்கள் உண்டு. போகாது, நீர் ஆவியாகி நைட்ரேட்டின் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

யாழ்ப்பாணத்து நிலைமை இன்னும் கடினமானது. வற்றாத ஆறு இல்லாத, சுண்ணாம்புக்கல் மேல் அமைந்த நிலம். வெங்காயமும் மிளகாயும் காய்கறியும் கிணற்று நீரில் விளைகின்றன, வீட்டுக்கும் அதே நிலத்தடி நீர்தான். போட்ட உரம் கல்லின் வெடிப்புகள் வழியே நேராக அங்கே இறங்குகிறது.

இதற்காக உரத்தையே ஒரே நாளில் நிறுத்திவிட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. இலங்கை 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடை செய்து, விளைச்சல் விழுந்து, அந்த ஆண்டு முடிவதற்குள் பின்வாங்க நேர்ந்தது. நான் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்று: வயலில் ஏற்கெனவே இருப்பதை முதலில் எண்ணுங்கள், குறைவதை மட்டும் வாங்குங்கள், வாங்கியதைச் சிறுகச் சிறுகக் கொடுங்கள். ஒரு ஏக்கர் தக்காளியை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம். கத்தரிக்கும் வெண்டைக்கும் மிளகாய்க்கும் எண்கள் மாறும், வழி மாறாது.

படி 1: மண்ணை எடுத்துச் சோதியுங்கள், அட்டையை மட்டும் நம்பாதீர்கள்

மண்வள அட்டைத் திட்டம் 2015இல் தொடங்கியது. கார அமில நிலை முதல் துத்தநாகம், போரான் வரை 12 அளவுகள் அதில் உண்டு. நல்ல திட்டம்தான். ஆனால் பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்ற கட்டத்தில்தான் மண் எடுக்கப்பட்டது. இரண்டரை ஹெக்டேர் என்றால் ஆறு ஏக்கருக்கு மேல். உங்கள் அட்டையில் இருப்பது பக்கத்துத் தோட்டத்து மண்ணாகவும் இருக்கலாம். பத்து ஆண்டாகக் காய்கறி வைத்த வயலும், அதையொட்டி மானாவாரியாகக் கிடந்த வயலும் ஒரே மண் ஆகாது.

ஆகவே நீங்களே எடுங்கள். அறுவடை முடிந்து அடுத்த உழவுக்கு முன், வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 10 முதல் 15 இடங்களில் மேல் குப்பையை ஒதுக்கிவிட்டு, ஆங்கில 'வி' வடிவத்தில் 15 செ.மீ. ஆழத்திற்கு வெட்டுங்கள். பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுங்கள். வரப்போரம், மர நிழல், எருக்குவியல் இருந்த இடம், வாய்க்கால் ஓரம் ஆகியவை வேண்டாம். எல்லாவற்றையும் சுத்தமான சாக்கில் கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பாகங்களைத் தள்ளிக்கொண்டே வந்து, அரைக் கிலோ மிஞ்சியதும் நிழலில் உலர்த்திக் கொடுங்கள். உரச் சாக்கையோ உரம் அள்ளிய சட்டியையோ இதற்குப் பயன்படுத்தினால் முடிவு முழுவதும் பாழ்.

அறிக்கை வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது மணிச்சத்து (பாஸ்பரஸ்). தமிழ்நாட்டுக் கணக்கில் ஹெக்டேருக்கு 11 கிலோவுக்குக் கீழே குறைவு, 22க்கு மேல் மிகுதி. ஆண்டுக்கணக்காக டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரம் போட்டுவரும் காய்கறித் தோட்டங்களில் இது மிகுதியாக இருப்பது சாதாரணம், ஏனென்றால் மணிச்சத்து மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், எளிதில் கரைந்து போகாது. மழையில் மண் அரித்துக்கொண்டு போகும்போதுதான் அதுவும் போகிறது. போய்ச் சேரும் ஏரியிலும் கண்மாயிலும் பாசியையும் ஆகாயத்தாமரையையும் வளர்க்கிறது. தழைச்சத்து அளவு 280க்குக் கீழ் இருந்தால் குறைவு, 450க்கு மேல் மிகுதி. சாம்பல்சத்துக்கு (பொட்டாசியம்) அந்த எல்லைகள் 118, 280. பொதுவாகக் கடைப்பிடிக்கும் எளிய விதி: குறைவு என்றால் பரிந்துரையைக் கால் பங்கு கூட்டலாம், மிகுதி என்றால் கால் பங்கு குறைக்கலாம்.

படி 2: கிணற்று நீரையும் கொடுங்கள்

மண்ணைச் சோதிக்கிறவர்களில்கூடப் பலர் தண்ணீரின் உப்பை மட்டும் பார்த்துவிட்டு நைட்ரேட்டை விட்டுவிடுகிறார்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் செலுத்தி இதைச் சோதிக்கலாம். மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அந்தத் தண்ணீராலேயே அலசிய சுத்தமான பாட்டிலில் நிரப்பி, தாமதமின்றிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

முடிவைப் படிக்கும்போது ஓர் இடத்தில் கவனம் தேவை. சில அறிக்கைகள் 'நைட்ரேட்' என்று தரும், சில 'நைட்ரேட் வடிவில் நைட்ரஜன்' என்று தரும். முன்னதை 4.43ஆல் வகுத்தால் பின்னது கிடைக்கும். 45 மில்லிகிராம் நைட்ரேட் என்பது சுமார் 10 மில்லிகிராம் நைட்ரஜன். அதைப் பருவத்திற்குப் பாய்ச்சும் லிட்டரால் பெருக்கி, பத்து லட்சத்தால் வகுத்தால் கிலோ கணக்கு வந்துவிடும்.

அந்த 20 கிலோ முழுவதையும் உடனே கழித்துவிடச் சொல்லமாட்டேன். நீரில் ஒரு பகுதி கடைசிப் பறிப்புகளின்போது போகிறது, கொஞ்சம் வேருக்குக் கீழே இறங்குகிறது. முதல் பருவத்தில் பாதியைக் கழியுங்கள்: 10 கிலோ.

படி 3: எருவை எடைபோடுங்கள்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒட்டு அல்லாத சாதாரணத் தக்காளி ரகங்களுக்குச் சொல்வது ஹெக்டேருக்கு 25 டன் தொழுவுரம், அதோடு தழை, மணி, சாம்பல் சத்துகள் 150:100:50 கிலோ. ஏக்கருக்கு மாற்றினால் 10 டன் தொழுவுரமும் சுமார் 60:40:20 கிலோவும். இந்த எண் தொழுவுரத்தையும் சேர்த்தே வகுக்கப்பட்டது, ஆகவே அந்த 10 டன்னுக்காகத் தனியாகக் கழிக்கக் கூடாது. வீரிய ஒட்டு ரகத்துக்குச் சொட்டுநீர் வழி உரமிடப் பரிந்துரை ஹெக்டேருக்கு 200:250:250, அது வேறு கணக்கு. சாதாரண ரகத்தை வைத்துக்கொண்டு ஒட்டு ரகத்தின் அளவைப் போடுவது நான் அடிக்கடி காணும் தவறு.

தொழுவுரத்துக்கு மேல் கோழி எருவும் சேர்ப்பவர்கள் அதைக் கட்டாயம் கழிக்க வேண்டும். பலர் இதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, 'எருதானே' என்று விட்டுவிடுகிறார்கள். நன்றாக மக்கிய கோழி எரு ஒரு டன்னில் சுமார் 30 கிலோ தழைச்சத்தும் 26 கிலோ மணிச்சத்தும் 14 கிலோ சாம்பல்சத்தும் உண்டு. தழைச்சத்தில் பாதி இந்தப் பருவத்திலேயே பயிருக்குக் கிடைக்கும் என்று கொள்ளலாம். இயற்கை எரு என்பதால் கிணற்றுக்குத் தீங்கில்லை என்று எண்ண வேண்டாம். மக்கியபின் அதிலிருந்து வருவதும் அதே நைட்ரேட்தான், அளவு மிஞ்சினால் அதே வழியில்தான் கீழே இறங்கும். எருக்குவியலைக் கிணற்றடியில் போட்டு மழையில் நனையவிடுவது நேராகக் கிணற்றில் கொட்டுவதற்குச் சமம். தள்ளி, மேட்டில் வைத்துத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள்.

படி 4: கழித்துப் பாருங்கள்

ஒரு எடுத்துக்காட்டு. மண்ணில் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் நடுத்தரம், மணிச்சத்து மிகுதி. 10 டன் தொழுவுரத்தோடு ஒரு டன் கோழி எருவும் போடுகிறீர்கள். கிணற்று நைட்ரேட் 45.

தழைச்சத்து 60 கிலோ வேண்டும். கிணறு 10, கோழி எரு 15. மீதி 35 கிலோ, அதாவது 76 கிலோ யூரியா.

மணிச்சத்து 40 வேண்டும், மண்ணில் மிகுதி என்பதால் கால் பங்கு குறைத்து 30. கோழி எருவில் உள்ளதில் பெரும்பகுதியாக 20ஐக் கழித்தால் மீதி 10 கிலோ. இதற்கு 62 கிலோ சூப்பர் பாஸ்பேட் போதும். இங்கே டி.ஏ.பி. வேண்டாம் என்பேன். சூப்பர் பாஸ்பேட்டில் கந்தகமும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து வருகின்றன, தக்காளிக்கு இரண்டும் தேவை.

சாம்பல்சத்து 20இல் 14 எருவிலேயே வந்துவிட்டது. 10 கிலோ பொட்டாஷ் போட்டால் முடிந்தது.

எதையும் எண்ணாமல் பரிந்துரையை அப்படியே டி.ஏ.பி. வழியாகப் போட்டிருந்தால் 87 கிலோ டி.ஏ.பி., 96 கிலோ யூரியா, 33 கிலோ பொட்டாஷ் ஆகியிருக்கும், கோழி எரு அதற்கும் மேல். டி.ஏ.பி. 50 கிலோ மூட்டை 1,350 ரூபாய் விற்கும்போது இந்தக் கழித்தலின் மதிப்பு பணத்திலேயே தெரியும். யூரியா விஷயத்தில்தான் சிக்கல். மூட்டை 266 ரூபாய் 50 காசு. 2010இல் மற்ற உரங்களுக்கு மானிய முறை மாறியபோதும் யூரியா அதில் சேராமல் தனி விலைக்கட்டுப்பாட்டிலேயே நின்றது. மலிவாகக் கிடைப்பதால் 'இன்னும் ஒரு மூட்டை' என்று கை நீள்கிறது. அதன் உண்மையான விலை கிணற்றிலும் காற்றிலும் ஏறிக்கொண்டிருக்கிறது. போட்ட தழைச்சத்தில் சுமார் நூற்றில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாக மாறும் என்பது உலக அளவில் கணக்கிடப் பயன்படும் அடிப்படை விகிதம். அந்த வாயு எடைக்கு எடை கரியமில வாயுவைப் போல் 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். 60 கிலோ தழைச்சத்துக்கு அது சுமார் 250 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். யூரியா தயாரிக்கத் தொழிற்சாலையில் எரிந்த எரிவாயு இதில் சேரவில்லை.

படி 5: அடியுரத்தில் யூரியாவைக் குறையுங்கள்

நட்ட புதிதில் நாற்றின் வேர் ஒரு கைப்பிடி மண்ணுக்குள்தான் இருக்கும். அப்போது பாதித் தழைச்சத்தை வயல் முழுவதும் இறைத்தால் யாருக்குப் போகும்? பரிந்துரைகளில் அடியுரமாக (நடும்போதே இடுவது) பாதி, 30ஆம் நாள் மண் அணைக்கும்போது பாதி என்று இருக்கிறது. மணற்பாங்கான நிலத்தில் அதை இன்னும் பிரிப்பது நல்லது என்பது என் உறுதியான எண்ணம். நம் எடுத்துக்காட்டில் கோழி எருவே தொடக்கத் தேவையைப் பார்த்துக்கொள்ளும். ஆகவே நட்ட 15ஆம் நாள் 12 கிலோ, 30ஆம் நாள் 20, 45ஆம் நாள் 24, 60ஆம் நாள் 20 கிலோ என்று யூரியாவை நான்காகப் பிரிக்கலாம். களிமண்ணும் கரிசலும் சத்தைப் பிடித்து வைக்கும், அங்கே மூன்று தடவை போதும். சூப்பர் பாஸ்பேட்டை மொத்தமாக அடியுரமாகவே போடுங்கள். வேர் படும் சாலில் போட்டு மூடினால் மண் அதைக் கட்டிப்போடுவது குறையும்.

நடும்போது ஏக்கருக்கு நுண்ணுயிர் உரங்களான அசோஸ்பைரில்லம் ஒரு கிலோவும் பாஸ்போபாக்டீரியா ஒரு கிலோவும் 20 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து போடுங்கள். இரசாயன உரத்தோடு சேர்த்துக் கலக்கக் கூடாது, வெயிலிலும் வைக்கக் கூடாது, அவை உயிருள்ளவை.

படி 6: செடிக்கு எவ்வளவு என்று ஒருமுறை நிறுத்துப் பாருங்கள்

60 செ.மீ.க்கு 45 செ.மீ. இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 15,000 செடிகள். 20 கிலோ யூரியாவை அவற்றுக்குப் பங்கிட்டால் செடிக்கு 1.3 கிராம். மூன்று விரல் நுனியில் எடுக்கும் சிட்டிகை அளவுதான்! வீட்டுத் தராசில் நூறு சிட்டிகையை எடைபோட்டு, உரம் வைக்க வருபவர்களின் விரலை அதற்குப் பழக்குங்கள். கைப்பிடியாக அள்ளி வைத்தால் கணக்கு முழுவதும் வீண்.

அதைத் தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளி, சிறு குழியில் இட்டு மண்ணால் மூடுங்கள். மண்மேல் கிடக்கும் யூரியா அம்மோனியாவாகிக் காற்றில் பறக்கும். சுண்ணாம்பு மிகுந்த காரத்தன்மையுள்ள மண்ணிலும் வெயில் நாளிலும் இந்த இழப்பு மிக அதிகம். 2015 முதல் நாட்டில் விற்கும் யூரியா வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. அது நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்துமே தவிர, மேலே இறைத்துவிட்டுப் போனால் பறப்பதைத் தடுக்காது. மூடியதும் இலேசாக நீர் விடுங்கள்.

படி 7: தண்ணீரை அடக்கினால்தான் உரம் அடங்கும்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்று யாராவது சொன்னால், இதைச் செய்யச் சொல்வேன். நைட்ரேட்டை மண் பிடித்து வைப்பதில்லை. தண்ணீர் எவ்வளவு ஆழம் போகிறதோ அதுவும் அவ்வளவு ஆழம் போகும். தக்காளி வேரில் பெரும்பகுதி முதல் ஒன்று, ஒன்றரை அடிக்குள் இருக்கிறது. சால் நிரம்பி வழியப் பாய்ச்சும் ஒவ்வொரு முறையும் உரத்தை அந்த வேருக்குக் கீழே தள்ளிவிடுகிறோம். மேலுரம் (பயிர் வளரும்போது இடுவது) வைத்த மறுநாள் கட்டும் வெள்ளம் மிக மோசமானது.

பாய்ச்சிய மறுநாள் ஒரு கம்பியைக் குத்திப் பாருங்கள். ஈர மண்ணில் இறங்கும், உலர்ந்த மண்ணில் தடுக்கும். இரண்டடி வரை வழுக்கிக்கொண்டு போனால் நீர் மிகுதி.

சொட்டுநீர் அமைக்கத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியமும் மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் உண்டு. உரக்கரைசலைக் குழாய்க்குள் இழுத்துவிடும் வென்சுரி என்ற கருவியை வைத்து உரத்தையும் அதிலேயே கொடுக்கலாம். ஒரு மணி நேரம் ஓட்டுவதாக இருந்தால் முதல் 20 நிமிடம் வெறும் நீர், அடுத்த 20 நிமிடம் உரக்கரைசல், கடைசி 20 நிமிடம் குழாயைக் கழுவ வெறும் நீர். உரத்தை முதலிலேயே விட்டுவிட்டு மீதி நேரம் நீரை ஓட்டினால் சத்து வேரைத் தாண்டிவிடும். கால்சியம் நைட்ரேட்டைச் சல்பேட் உரத்தோடோ பாஸ்பேட் உரத்தோடோ ஒரே தொட்டியில் கலக்காதீர்கள், படிவு உண்டாகிச் சொட்டுவான் அடைத்துக்கொள்ளும்.

ஐப்பசி, கார்த்திகையில் வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் மேலுரம் வைக்க வேண்டாம். இரண்டு நாளில் கனமழை என்றால் தள்ளிப் போடுங்கள். செடி ஒரு வாரம் காத்திருக்கும். நீலகிரிச் சரிவுகளில் கேரட்டும் முட்டைக்கோசும் பயிரிடுவோருக்கு இது இன்னும் முக்கியம். அங்கே மழை உரத்தை மண்ணோடு ஓடைக்கு எடுத்துப் போகிறது. சரிவுக்குக் குறுக்கே பாத்தி அமைப்பதும், ஓடைக்கு முன்னால் சில அடி அகலத்தில் வெட்டிவேரோ புல்லோ விட்டுவைப்பதும் பெரும் தடுப்பு.

படி 8: நான்கு வரிசையைச் சோதனைக்கு விடுங்கள்

இத்தனை எண்களையும் நான் சொல்வதால் நம்ப வேண்டாம். வயலின் நடுவில் நான்கு வரிசையைக் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். அவற்றுக்கு மட்டும் மேலுர யூரியாவை இன்னும் கால் பங்கு குறையுங்கள். ஒவ்வொரு பறிப்பிலும் அந்த நான்கு வரிசையையும் பக்கத்து நான்கு வரிசையையும் தனித்தனிக் கூடையில் எடைபோடுங்கள். வேறுபாடு இல்லையென்றால் அடுத்த பருவம் வயல் முழுவதும் குறைக்கலாம். எடை விழுந்தால் இழப்பு நான்கு வரிசையோடு நின்றது.

இலை கருகருவென்று பச்சையாக, தழை மண்டி, அசுவினியும் வெள்ளை ஈயும் மொய்த்து, பூ உதிர்கிறதென்றால் தழைச்சத்து மிஞ்சிவிட்டது. காயின் அடிப்பகுதி கறுத்து அழுகுவதைப் பார்த்து உரம் போதவில்லை என்று மேலும் யூரியா வைப்பவர்களைக் கண்டு வருந்தியிருக்கிறேன். அது சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராத குறை. நீரைச் சீராகப் பாய்ச்சுவதுதான் முதல் மருந்து, யூரியா அதை மோசமாக்கும்.

படி 9: பருவ முடிவில் மிச்சத்தைப் பிடியுங்கள்

ஒரு டன் தக்காளிப் பழத்தோடு வயலை விட்டு வெளியேறும் தழைச்சத்து சுமார் ஒன்றரைக் கிலோ. ஏக்கருக்கு 12 டன் பறித்திருந்தால் 18 கிலோ. நாம் கணக்கில் எடுத்தபடி உள்ளே வந்தது யூரியா, கோழி எரு, கிணறு எல்லாம் சேர்த்து 60. மீதி 42 கிலோவில் ஒரு பகுதி செடியிலும் வேரிலும் நிற்கிறது, ஒரு பகுதி மண்ணில் இருக்கிறது, மற்றது போய்விட்டது. இந்த மூன்று எண்களையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

நோயில்லாத செடியைப் பிடுங்கி எரிக்காமல் நறுக்கி மக்கவிடுங்கள். வயலைச் சும்மா போட்டால் அடுத்த மழை மண்ணில் எஞ்சியதைக் கொண்டுபோய்விடும். மறுபடியும் தக்காளியோ கத்தரியோ வைக்காமல், ஆழமாக வேர்விடும் மக்காச்சோளத்தையோ சோளத்தையோ அடியுர யூரியா இல்லாமல் விதைத்தால் கீழே இறங்கியதில் கொஞ்சத்தை அது மேலே இழுத்துவரும். அதற்குப் பின் தட்டைப்பயறோ கொத்தவரையோ வைக்கலாம். இடைவெளி ஒன்றரை மாதம்தான் என்றால் சணப்பையையோ தக்கைப்பூண்டையோ விதைத்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதுவிடுங்கள். அது காற்றிலிருந்து சேர்க்கும் தழைச்சத்தை அடுத்த பயிரின் யூரியாவில் கழிக்க மறக்க வேண்டாம்.

நோட்டின் அடுத்த பக்கத்தில் கிணற்று நீரின் நைட்ரேட் அளவைத் தேதியோடு எழுதுங்கள். ஆண்டுதோறும் ஒரே மாதத்தில், மழைக்குப் பின் தை மாதம் என்று வைத்துக்கொண்டு, அதே பாட்டிலில் நீர் எடுத்துக் கொடுங்கள். நீங்கள் இந்தப் பருவம் மிச்சப்படுத்தியது நிலத்தடி நீரில் தெரியச் சில ஆண்டுகள் ஆகும், பக்கத்துத் தோட்டத்து நீரும் அங்கேதான் வந்து சேர்கிறது. ஆகவே சோதனைக்குப் போகும்போது அடுத்த தோட்டத்துக்காரரிடமும் ஒரு பாட்டில் நிரப்பித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போங்கள்.